அண்ணி பிடித்த கிளுவைக் கிளை

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடலாம்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்பது எனக்கே தெரியாது. வருகிறவர்கள் பெரும்பாலும் சொன்னபடி நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளும் வலியில் துடிப்பவர்களும்தான் ஆடுவார்கள். ஆடினால் படம் கலங்கிவிடும்; திரும்பவும் எடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் ஆடாதே என்று சொல்லிக்கொண்டிருந்த நான், நாற்பத்திரண்டு வயதில் கையில் கேமராவை வைத்துக்கொண்டு ஒரு சிலந்தியின் முன்னால் குந்தியபோது, ஒரு நொடிகூட அசையாமல் இருக்கத் தெரியாமல் தவித்தேன்.

கேமரா வந்த கதை பெரிதில்லை. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவர் என் கணவருக்குப் பழக்கம். அவர் புதியது வாங்கியதும் பழையதை எங்களுக்குத் தந்தார். அதோடு ஒரு மேக்ரோ லென்ஸும் இருந்தது. மணமக்கள் மாற்றிக்கொள்ளும் மோதிரத்தைக் கிட்டப்போய்ப் பெரிதாக எடுப்பதற்காக அவர் வைத்திருந்தது. அந்த வருடம்தான் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போயிருந்தாள். கணவர் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்குவார். நான் வாரத்தில் ஆறு நாள் ஜன்னல் இல்லாத அறைக்குள் இருப்பவள். ஏழாவது நாளாவது வெளிச்சத்தில் எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. மாடியில் தொட்டியில் வளர்ந்த கறிவேப்பிலைச் செடியில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அதைத்தான் முதலில் எடுத்தேன்.

முதல் மாதம் எடுத்ததில் ஒரு படம்கூடத் தேறவில்லை. சுண்டுவிரல் நகம் அளவே உள்ள ஓர் உயிரைத் திரை நிறைய வரும்படி எடுக்கும்போது, தெளிவாக விழுவது ஒரு தாளின் கனம் அளவுள்ள பகுதிதான். அந்தத் தாள் சிலந்தியின் கண்மேல் விழ வேண்டும். நான் மூச்சை விட்டால் அது வயிற்றுக்குப் போனது. இழுத்தால் காலுக்கு வந்தது. நெஞ்சு துடிப்பதுகூடக் கையில் தெரிந்தது. கேமராவே ஃபோகஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடிக் களைத்துப்போய் ஏதோ ஓர் இலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

வீடியோக்களைப் பார்த்துக் கொஞ்சமும், கெடுத்துக் கெடுத்து நிறையவும் கற்றேன். லென்ஸைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது. எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பார்த்து அங்கேயே நிறுத்திவிட்டு, உடம்பைத்தான் மயிரிழை அளவு முன்னே பின்னே கொண்டுபோக வேண்டும். கண் பளிச்சென்று தெரியும் அந்த நொடியில் நாலைந்து படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது அமையும். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மூச்சு விஷயத்தில்தான் ரொம்ப நாள் ஏமாந்தேன். நோயாளிகளிடம் சொல்கிற மாதிரியே நானும் இழுத்துப் பிடித்தேன்; நெஞ்சு விம்மிக் கை இன்னும் நடுங்கியது. பாதி மூச்சை விட்ட பிறகு ஒரு சின்ன இடைவெளி வருகிறது. அதில் உடம்பு தானாகவே நிற்கும். அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஃப்ளாஷ் வெளிச்சம் நேராக அடித்தால் சிலந்தியின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும். ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த வெள்ளைத் தாம்பூலப் பையை வெட்டி, இரண்டு மடிப்பாக ஃப்ளாஷுக்கு முன்னால் கட்டினேன். மணமக்கள் பெயர் சிவப்பு மையில் அச்சடித்திருந்த பக்கத்தை முதலில் போட்டுவிட்டதில், அன்று எடுத்த சிலந்திகளெல்லாம் வெட்கப்பட்ட மாதிரி சிவந்திருந்தன.

இவ்வளவும் செய்தும் மாடியில் காற்று விடவில்லை. வலை ஆடிக்கொண்டே இருந்தது. காற்றுக்கு மறைவான, செடிகொடி அடர்ந்த இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியும். அங்கே போகத்தான் தயக்கமாக இருந்தது.

அது அகரம் பக்கத்தில் இருக்கும் என் அண்ணனின் சம்பங்கித் தோட்டம். ஸ்கூட்டரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. அம்மா இருந்தவரை வாரம் தவறாமல் போய்வந்த இடம். அம்மா போன பிறகு இரண்டு வருடமாகக் கல்லறைத் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் போனேன். போனாலும் அண்ணி "வா" என்பார், "சாப்பிடு" என்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது. அதற்குக் காரணம் நான்தான்.

அண்ணன் வீட்டில் நாலு வருடமாக முடியாமல் இருந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, சாதாரணப் பிடிப்பு என்று நினைத்து இரண்டு நாள் தைலம் தேய்த்திருக்கிறார்கள். வலி அடங்காமல் போன பிறகுதான் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்தப் படத்தை எடுத்தது நான். அம்மா எழுந்து நடக்கவே இல்லை. மூன்றாம் மாதம் போய்விட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, தூரத்து உறவினர் ஒருவர் என்னதான் ஆச்சு என்று விசாரித்தார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று நான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அண்ணி அப்போது சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"படத்துல எலும்பு தெரியும் பாப்பா. நாலு வருசமா அவுகளத் தூக்கிக் குளிப்பாட்டுனவ தெரிய மாட்டா."

அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். வீட்டில் எல்லாருக்கும் நான் பாப்பாதான். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அன்றைக்கும் என்னைக் கூப்பிட்டார். அதுதான் என்னை அதிகமாக உறுத்தியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் சொன்னதில் உண்மை இருக்கிறதே என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை விட்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேமராப் பையை மாட்டிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிட்டேன். முதல்நாள் சாயங்காலப் பூசைக்கே போய்வந்துவிட்டதால் காலை எனக்கு மிச்சமாக இருந்தது. அண்ணன் மோட்டார் அறைப் பக்கம் நின்றார். வேலியில் படம் எடுக்கவா என்று கேட்டேன். தாராளமாக எடு என்றார். அண்ணி கூடையோடு சம்பங்கி வரிசைக்குள் இருந்தார். அங்கிருந்தே எட்டிப் பார்த்து, வேலியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். எட்டுக்கால் பூச்சி என்றேன். அண்ணி மறுபடி பூவைப் பறிக்கத் தொடங்கினார்.

தோட்டத்தின் வடபக்கம் முழுவதும் கிளுவை வேலி. ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. அதன் கவட்டைகளில் அந்தச் சிலந்திகள் இருந்தன. வட்டமாக வலை கட்டி, நடுவில் வெள்ளை நூலால் கோணல்மாணலாகப் பெருக்கல் குறி போட்டு, அந்தக் குறியின் மேலேயே கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். முதுகில் மஞ்சளும் பழுப்பும் பட்டை பட்டையாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தையல் போட்டுத் தொங்கவிட்ட மாதிரி தெரியும். பனியில் அவை அசையவே அசையாது. வெயில் ஏறினால்தான் சுறுசுறுப்பு வரும். எனக்குக் கிடைப்பது விடிந்தபின் ஒரு மணி நேரம்.

பெரிதாக இருந்த ஒன்றைத் தேர்ந்துகொண்டேன். என் மூச்சு பட்டாலே அது வலையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிடும். ஊஞ்சல் மாதிரி வலை முன்னும் பின்னும் போய்வரும். அது அடங்கும்வரை காத்திருந்து, முன்னால் சாய்ந்து, கண்ணைத் தேடும்போது வலையைத் தாங்கிய கிளுவைக் கிளை லேசான காற்றுக்கும் ஆடும். முதல் ஞாயிறு அப்படியே போனது.

இரண்டாவது ஞாயிறும் அதே கிளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிறைந்த கூடையைக் களத்தில் வைத்துவிட்டு வந்த அண்ணி, கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தார். நான் திரும்பவில்லை. பிறகு அவர் பக்கத்தில் வந்து குனிந்து, அந்தக் கிளையைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெதுவாகப் பிடித்தார்.

"இப்பிடிப் பிடிச்சா நிக்குமா?"

நின்றது. சிலந்தி ஒருமுறை குலுங்கியது. பொறு, செத்த நேரத்தில் அடங்கிரும் என்றார் அண்ணி. அடங்கியது. இன்னொரு கையால் காற்று வருகிற பக்கம் ஒரு சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு முதன்முதலாகச் சிலந்தியின் காலில் உள்ள மயிர் தனித்தனியாகத் தெரிகிற ஒரு படம் கிடைத்தது. கண் இன்னும் கிடைக்கவில்லை.

அதன்பின் அது வழக்கமானது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை. முதல் கூடை நிறைந்ததும் அண்ணி வருவார், கிளையைப் பிடிப்பார். நான் குந்துவேன். இருபது நிமிடம், அரை மணி நேரம், இருவர் முகமும் ஒரு முழ தூரத்தில் இருக்கும். பேச்சு கிடையாது. பேசினால் வலை ஆடும் என்பது எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது. முடிந்ததும் நான் திரையில் படத்தைக் காட்டுவேன். அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுப் பார்ப்பார். ஒருமுறை மட்டும், "இம்புட்டு அழகா இருக்கே. இதைத்தான் வெளக்கமாத்தால அடிச்சுக்கிட்டு இருந்தோமா" என்றார்.

படங்கள் மட்டும் சரியாக வரவில்லை. ஞாயிறு இரவு கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பேன். தொடர்ந்து எடுத்த படங்களில் இரண்டு கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். மூன்றாவதில் சிலந்தி மொத்தமாகத் தாளின் கனத்தைத் தாண்டிப் போயிருக்கும். ஃப்ளாஷ் போடுவதால் ஆட்டம் பதியாது. ஆனால் வலையே நகர்ந்துவிட்டால் ஃப்ளாஷ் என்ன செய்யும்? காற்று என்றால் படம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். இது அப்படியில்லை. சட்டென்று ஓர் உலுக்கல், பிறகு அமைதி, மறுபடி ஓர் உலுக்கல். அண்ணிக்குக் கை அவ்வளவு உறுதியில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் எரிச்சல்கூடப் பட்டேன்.

ஐந்தாவது ஞாயிற்றின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றில் நின்றுவிட்டேன். அதில் வலை பின்னால் தள்ளப்பட்டுச் சிலந்தி வெறும் மஞ்சள் புகையாக இருந்தது. அந்த இடத்தில் கிளையைப் பிடித்திருந்த அண்ணியின் பெருவிரல் துல்லியமாக விழுந்திருந்தது. நகத்தின் கோடுகள், சம்பங்கிக் காம்பின் சாறு ஒட்டிய கறை, எலும்பை ஒட்டிக் கிடந்த தோல். அம்மாவைத் தூக்கிய கை அது. இவ்வளவு மெலிந்தது எப்போது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த உலுக்கல் ஒவ்வொன்றும் ஓர் இருமல். வாயை மூடி, சத்தம் வெளியே வராமல், தொண்டைக்குள்ளேயே அமுக்கிய இருமல். நான் கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்துக்கொண்டு சிலந்தியையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. முதல் ஞாயிறே சம்பங்கி வரிசைக்குள்ளிருந்து இருமல் கேட்டதும் நினைவுக்கு வந்தது. பனிக்கு என்று நினைத்து விட்டிருந்தேன். இரண்டாவது ஞாயிற்றுப் படங்களை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள் என்று என் அறைக்கு வெளியே சுவரில் ஒட்டியிருக்கிறது. பதினாறு வருடமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

கணவரிடம் சொன்னேன். அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் அவர் கூட்டிக்கொண்டு வருவார் என்றார். அது சரியான யோசனைதான். ஆனால் அண்ணியைப் பற்றி அண்ணியின் முதுகுக்குப் பின்னால் சொல்வதாகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை நாலு பேர் முன்னால் சொன்னவள் நான். இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். புதன்கிழமை காலை விடுப்புச் சொல்லிவிட்டு, கேமராவை எடுக்காமல் அகரத்துக்குப் போனேன்.

அண்ணன் பூவைப் போட்டுவரச் சந்தைக்குப் போயிருந்தார். அண்ணி அடுப்பில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார். புதன்கிழமை நான் வந்து நின்றதும் என்னவோ ஏதோ என்று பதறி எழுந்தார்.

"அண்ணி, எம்புட்டு நாளா இருமல்?"

"பனிக்கு வந்தது. பனி போனா போயிரும்."

ஐந்து வாரமாக விடவில்லையே என்றேன். போனில் ஏற்றி வைத்திருந்த படங்களைத் தேதிவாரியாகக் காட்டினேன். தெளிவாக இருக்கிற படம், கலங்கிய படம், மறுபடி கலங்கிய படம். ஒவ்வொன்றையும் காட்டி, இங்கே நீங்கள் இருமினீர்கள், இங்கேயும், இங்கேயும் என்றேன். அண்ணி அடுப்பை அணைத்தார். ராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறதா, சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். ரவிக்கைகளை எல்லாம் இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டதாகச் சொன்னார். அண்ணனிடம் சொல்லவில்லையாம்.

"ஏன் அண்ணி ஆஸ்பத்திரிக்கு வரல?"

"வந்தா உன்கிட்டதானே வந்து நிக்கணும். அதான் வரல."

அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்குப் பந்தியில நான் பேசுனது தப்பு அண்ணி. அம்மா போனது எனக்குத் தாங்கல. யார் மேலயாச்சும் தூக்கிப் போடணும்னு இருந்துச்சு. உங்க மேல போட்டேன்."

அண்ணி வதங்கிய கத்தரிக்காயைக் கரண்டியால் ஒருமுறை கிளறினார்.

"இதைச் சொல்ல ரெண்டு வருசமா உனக்கு?"

"ஆமா."

"சரி," என்றார். பிறகு, "எப்ப வரணும்?" என்று கேட்டார்.

அடுத்த நாளே வந்தார்கள். எங்கள் மருத்துவரிடம் காட்டி, எழுதி வாங்கிக்கொண்டு அண்ணி என் அறைக்கு வந்தார். அண்ணன் வெளியே பெஞ்சில் இருந்தார். தாலிக்கொடியையும் செபமாலையையும் கழற்றி என் கையில் தந்துவிட்டு, நெஞ்சைப் பலகையில் ஒட்டி நின்றார். தோளை முன்னால் தள்ளி நிறுத்தினேன். தோளெலும்பு என் உள்ளங்கையில் குத்தியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, வழக்கம்போல மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். இழுத்தார். பிடிக்க முடியவில்லை. இருமல் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்து, உன் படத்தை மறுபடியும் கெடுத்துவிட்டேனே என்றார். பரவாயில்லை, அவசரமே இல்லை என்றேன். இரண்டாவது முறை சரியாக வந்தது.

திரையில் படம் வந்தபோது வலது நுரையீரலின் மேல்பக்கம் பஞ்சு வைத்த மாதிரி ஒரு வெண்மை தெரிந்தது. பார்த்ததைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. சொல்ல வேண்டியவர் மருத்துவர். பதினாறு வருடத்தில் எத்தனையோ படங்களைப் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெளியே வந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் செபமாலையைத் திருப்பிக் கொடுக்கும்போது என் விரல் அண்ணியின் விரலை விடவில்லை. அண்ணி அதைக் கவனித்தார்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று உறுதியானது. மருத்துவர் அதைச் சொன்னபோது அண்ணன் அழுதுவிட்டார். அண்ணி ஒரு பெரிய மூச்சு விட்டு, "அப்ப புத்து நோய் இல்லையா?" என்று கேட்டார். இல்லை, இது மாத்திரையில் முழுதாகக் குணமாகும், ஆறு மாதம் ஒருநாள் விடாமல் போட வேண்டும் என்றார் மருத்துவர். ஆரம்பத்திலேயே வந்ததால் நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார். மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அங்கிருந்து ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து, எல்லாரையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார். அண்ணனுக்கும் படம் எடுத்தேன், எனக்கும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் சுத்தமாக இருந்தன.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் விடிகாலையில் அண்ணியிடமிருந்து போன் வந்தது. இரண்டு வருடத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் போன். குரலைத் தாழ்த்தி, "பாப்பா, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலராப் போகுது. உங்க அண்ணன்கிட்ட சொல்லல" என்றார். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். முதலிலேயே சொல்லக் கூடாதா என்று திட்டினார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது.

முதல் இரண்டு மாதம் அவரால் தோட்டத்தில் நிற்க முடியவில்லை. மாத்திரை வாயைக் குமட்டியது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அண்ணனோடு சேர்ந்து சம்பங்கி பறித்தேன். அண்ணி ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வரிசையை நான் இரண்டு மணி நேரம் பறிப்பேன். வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு, முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்தபடி, காம்பை ஒட்டிக் கிள்ளாதே, மொட்டை விட்டுவிட்டு மலர்ந்ததைப் பறிக்கிறாய் என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். குரலில் பலம் கூடிக்கொண்டே வந்ததை வாராவாரம் கேட்டேன். கேமராவை அந்த நாட்களில் நான் தொடவே இல்லை. தை கடைசியில் வேலிப் பக்கம் போனபோது, பெரிய சிலந்தி இருந்த இடத்தில் வலையின் ஒரு கிழிசல் மட்டும் தொங்கியது. பக்கத்துக் கிளையின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு முட்டைப் பை இருந்தது. அண்ணனிடம் அந்தப் பக்கம் அரிவாள் போட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

பங்குனியில் அண்ணி கூடையைத் தூக்கினார். ஆனி மாதம் மாத்திரை முடிந்தது. மறுபடி படம் எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் விடலாம் என்று சொல்ல மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்க, "ஏம்மா, விடலாமா?" என்று அவரே கேட்டார். பஞ்சு வைத்த மாதிரி இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. மருத்துவர் கைகொடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலம் இருவரும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டோம். என் தட்டிலிருந்த முட்டையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

ஆடிக் காற்று அடங்கி, புரட்டாசியில் மழை விழுந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேமராவோடு போனேன். வேலியில் சின்னச் சின்னதாக நிறையச் சிலந்திகள் வந்திருந்தன. பெருக்கல் குறியை இன்னும் முழுதாகப் போடத் தெரியாமல் ஒரு கை, இரண்டு கை மட்டும் போட்டவையும் இருந்தன. நடுத்தரமான ஒன்றின் முன்னால் குந்தினேன். அண்ணி சொல்லாமலே வந்து கிளையைப் பிடித்தார். முன்பு முழங்கைவரை சரிந்துபோன வளையல் இப்போது மணிக்கட்டிலேயே நின்றது.

சிலந்தி குலுக்கியது. அடங்கும்வரை காத்திருந்தோம். முழங்கையை ஊன்றிக்கொண்டு, உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்தேன். வயிற்றுப் பட்டைகள் தெளிந்து மறைந்தன. கால் மயிர் தெளிந்து மறைந்தது. பிறகு, வெள்ளி மாதிரி மினுங்கும் தலையில், கடுகைவிடச் சிறியதாய்க் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பாதி மூச்சை விட்டேன். என் கை நின்றது. வலை நின்றது. அண்ணியின் கையும் நின்றது. ஐந்து படம் எடுத்தேன். பிறகு இன்னும் ஐந்து.

வரப்பிலேயே உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தோம். பத்தில் மூன்று சரியாக அமைந்திருந்தன. ஒவ்வொரு கண்ணிலும் என் தாம்பூலப் பையின் வெளிச்சம் ஒரு சின்னப் பொட்டாக விழுந்திருந்தது. அண்ணி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஆறுதான் இருக்கிறது, எட்டு என்றாயே என்றார். மீதி இரண்டும் இந்தப் பக்கம் திரும்பினால்தான் தெரியும் என்றேன். அடுத்த வாரம் அந்தப் பக்கமிருந்து எடுக்கலாம் என்றார்.

எனக்கு அந்த மூன்று படங்களை யாரிடமாவது காட்டிவிட வேண்டும் என்று துடிப்பாக இருந்தது. மகளுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்து, இது நிஜமாகவே நீ எடுத்ததா என்று கேட்டாள். நானும் அத்தையும் எடுத்தோம் என்றேன். அண்ணி போனை வாங்கி, கிளை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அண்ணி ஸ்கூட்டர்வரை கூடவே வந்தார். ஒரு பை நிறையக் கத்தரிக்காய் முன்னால் மாட்டினார். பிறகு ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். அடுத்த தோட்டத்தில் பூப் பறிக்க வருகிற பெண் ஒருத்தி ஒரு மாதமாக இருமுகிறாளாம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாளாம்.

"நானும் அப்பிடித்தானே சொன்னேன். நாளைக்கு நானே கூட்டிட்டு வாரேன். நீ எத்தனை மணிக்கு இருப்ப?"

எட்டு மணிக்கே வந்துவிடுவேன் என்றேன். சாப்பிடாமல் வர வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம், நகை மட்டும் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.